மோட்டார் படகும் வனாந்தரச் சட்டமும்: பவுண்டரி வாட்டர்ஸில் 1978இல் போட்ட கோடு சரியா?

#1 வடகாற்று (துலூத், மினசோட்டா)

மன்றத்தினர் அனைவருக்கும் வணக்கம். மினசோட்டா மாநிலத்தின் வடக்கு எல்லையில், சுப்பீரியர் தேசிய வனத்துக்குள், பவுண்டரி வாட்டர்ஸ் எனும் வனாந்தரப் பகுதி உள்ளது. பரப்பு சுமார் 11 லட்சம் ஏக்கர். ஏரிகள் ஆயிரத்துக்கும் மேல். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போவதற்கு, கனூ எனப்படும் இலேசான தோணியைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு காட்டுத் தடத்தில் நடக்க வேண்டும். அந்தத் தடத்துக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலான ஏரிகளில் மோட்டாருக்கு இடமில்லாமல் போயிற்று. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீர்ப்பரப்பில் மட்டும், சில எல்லை ஏரிகள் நீங்கலாக, 10 அல்லது 25 குதிரைத்திறன் என்ற வரம்போடு அனுமதி தொடர்கிறது.

சென்ற ஆகஸ்டில் ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அங்கே அழைத்துச் சென்றேன். அவருக்கு வயது 73. பொதுப்பணித் துறையில் மதகுகளையும் கலிங்குகளையும் பார்த்தே ஓய்வு பெற்றவர். இரு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. முதல் நாள் ஈலி நகரில் டோரத்தி மோல்ட்டரின் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். நைஃப் ஏரியின் தீவொன்றில் தனியாக வாழ்ந்து, தோணியில் வருவோருக்குத் தாமே தயாரித்த ரூட் பியர் எனும் குளிர்பானத்தை விற்று, 1986இல் அங்கேயே காலமான பெண்மணி அவர். அந்த ஏரியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்பாவைப் பற்றிக்கொண்டது.

மறுநாள் மூஸ் ஏரியில் வாடகை மோட்டார் படகில் ஏறினோம். எங்கள் கனூவைத் தலைக்கு மேலிருந்த கம்பிச் சட்டத்தில் கவிழ்த்துக் கட்டினார்கள். நியூஃபவுண்ட், சக்கர் ஏரிகளைக் கடந்து பிரெய்ரி போர்ட்டேஜில் இறங்கியதும், அப்பா கண்ட முதல் காட்சி அங்கிருக்கும் சிறிய அணை. அதன் அருகே போய்க் குனிந்து, நீர் வழியும் விளிம்பை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மனிதன் கை படாத இடம் என்றாயே, இது என்ன?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நைஃப் ஏரிக்கு அதன் பிறகு துடுப்பும் சுமப்பும்தான் வழி, அவரால் முடியவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

இங்கே லாரி வைத்துப் படகை ஏரி மாற்றும் தடங்கள் இரண்டு இன்றும் இருக்கின்றன. அவ்வளவுக்கு விட்டுக்கொடுத்த சட்டம் இன்னும் சிறிது விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பொதுநிலத்துக்குள் நுழைய முழங்கால்தான் அனுமதிச்சீட்டா?

#2 துடுப்பு (மினியாபொலிஸ்)

வடகாற்று அவர்களுக்கு வணக்கம். தங்கள் தந்தையாரின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆயினும் தங்கள் கேள்வியில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது.

நைஃப் ஏரியில் செப்டம்பர் மாத அந்தி ஒன்றில் நான் கரையில் அமர்ந்திருந்தபோது, லூன் பறவை ஒன்று கூவி, அதற்கு எங்கோ இரண்டு ஏரிகளுக்கு அப்பாலிருந்து மறு குரல் வந்தது. காற்று அடங்கிய நீரின் மேல் ஓசை அவ்வளவு தூரம் போகிறது. ஒரு மோட்டார் இருவரைச் சுமந்து செல்லும்போது, அதைக் கேட்காமல் தப்பிக்க அந்த ஏரியில் யாருக்கும் இடமில்லை. மோட்டாரில் வருபவரின் அனுபவத்தைத் துடுப்புப் போடுபவர் கெடுப்பதில்லை, துடுப்புப் போடுபவரின் அனுபவத்தையோ மோட்டார் கெடுத்துவிடுகிறது. இருவருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்போம் என்ற பேச்சு இதனால்தான் நியாயம்போலத் தோன்றி நியாயமில்லாமல் முடிகிறது.

மேலும், மோட்டாரில் போக விரும்புவோருக்கு இடமா இல்லை? பத்தாயிரம் ஏரிகளின் மாநிலம் என்று வண்டியின் எண் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பவுண்டரி வாட்டர்ஸுக்கு மேற்கே, 1975இல் அமைந்த வாயஜர்ஸ் தேசியப் பூங்காவில் மோட்டார் படகும் வீட்டுப்படகும், குளிர்காலத்தில் பனிமேல் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலும் ஓடுகின்றன. அதே பாறை, அதே பைன் மரம், அதே லூன். 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டத்தின் 4(சி) பிரிவு மோட்டார் வாகனம், மோட்டார் கருவி, விமானம் இறங்குதல், இயந்திர வாகனம் என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விலக்கியது ஏன் என்றால், ஒன்றை விட்டால் அடுத்தது வரும் என்று அன்றே கண்டிருந்தார்கள். வனத்துறைப் பணியாளர்களே அங்கு விழுந்த மரத்தை இருவர் இழுக்கும் வாள்கொண்டுதான் அறுக்கிறார்கள்.

#3 குன்றுடையான் (சிகாகோ)

நண்பர் துடுப்பு 4(சி)யைக் காட்டினார். அடுத்த பிரிவையும் காட்டியிருக்கலாம். பவுண்டரி வாட்டர்ஸ் விவகாரத்தின் முடிச்சே 4(டி)(5) எனும் உட்பிரிவில்தான் இருக்கிறது. அங்கு ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட மோட்டார் படகுப் பயன்பாட்டை இச்சட்டம் தடுக்காது என்று 1964ஆம் ஆண்டுச் சட்டமே வெளிப்படையாகச் சொன்னது. சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஒருவரான செனட்டர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி அந்த மாநிலத்துக்காரர். ஈலி மக்கள் அந்த வரியைத் தங்களுக்குத் தரப்பட்ட வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்கள். விடுதி கட்டினார்கள், படகு வாங்கினார்கள். 14 ஆண்டுகள் கழித்து வந்த சட்டம் அந்த வரியை மாற்றியது. நான் துடுப்புப் போடுபவன். 1978ஆம் ஆண்டுச் சட்டம் நன்மையே செய்தது என்று கருதுபவன். இருந்தும் அந்த மக்களின் கோபத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கோபத்தின் அளவை அறிய ஒரு காட்சி போதும். 1977 ஜூலையில் ஈலியில் நாடாளுமன்றக் குழு மக்கள் கருத்தைக் கேட்க வந்தபோது, சிகர்ட் ஆல்சனின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டார்கள். அவர் வெளியூரிலிருந்து வந்து உபதேசம் செய்தவர் அல்லர். ஈலியிலேயே வாழ்ந்து, கனூ வழிகாட்டியாக உழைத்து, அந்த ஏரிகளைப் பற்றி எழுதிய முதியவர். 78 வயதில், கூச்சலுக்கு நடுவே எழுந்து நின்று தம் கருத்தைச் சொன்னார்.

அடுத்து லாரித் தடங்களுக்கு வருகிறேன். வடகாற்றின் கேள்விக்கு விடை அந்தக் கதையில் இருக்கிறது. மோட்டார் இல்லாத வழிகளால் படகைக் கடத்துவது 'சாத்தியமில்லை' என்று அமைச்சர் முடிவு செய்தாலன்றி, 1984க்குள் அந்தத் தடங்களை மூட வேண்டும் என்று சட்டம் கூறியது. ஒரு சொல்லுக்காக வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. சாத்தியம் என்றால் என்ன? உடல் வலுவுள்ள நால்வர், சக்கரம் பூட்டிய சட்டகத்தில் படகை ஏற்றித் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தால் போதுமா, அல்லது விடுமுறைக்கு வந்த சாதாரணக் குடும்பத்தால் அது இயல வேண்டுமா? செய்ய முடிந்தால் சாத்தியமே என்று 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொருள் கூறியது, தடங்கள் மூடப்பட்டன. 1998இல் நாடாளுமன்றம் நெடுஞ்சாலை நிதிச் சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் செருகி, பிரெய்ரி, ட்ரௌட் ஆகிய இரண்டையும் லாரிக்குத் திறந்துவிட்டது. மூன்றாவதான ஃபோர் மைல் போர்ட்டேஜ் மூடியே கிடக்கிறது. ஆகவே அங்கே ஓடும் லாரி, சட்டம் மனமிரங்கி விட்டுக்கொடுத்ததன் அடையாளம் அன்று. இருதரப்பும் களைத்துப்போய் நின்ற இடம் அது.

ஒரு சொல் குறித்தும் சொல்ல வேண்டும். சிலர் இதைக் 'காப்புக்காடு' என்று எழுதுகிறார்கள். நம் காப்புக்காட்டில் மரம் வெட்டும் உரிமை அரசிடமே இருக்கும்; பாதை போடுவதும் அரசின் விருப்பம். இங்கே பேசப்படும் நிலத்தில் அரசும் தன் கையைக் கட்டிக்கொள்கிறது. 'வனாந்தரம்' என்பது விவிலிய வாடை அடித்தாலும் பொருத்தமான சொல்லே.

#4 செம்மண் (கிராண்ட் ஜங்ஷன், கொலராடோ)

நான் ஜீப் வைத்திருப்பவன். விடுமுறை கிடைத்தால் யூட்டாவின் மோவாப் பக்கம் போய்விடுவேன். இந்த இழையில் என் கட்சிக்கு ஆள் குறைவாகத் தெரிவதால் எழுதுகிறேன்.

ஏரியில் மோட்டார் போனால் அலை அடங்கியதும் தடயம் போய்விடும். பாலைநிலத்தில் அப்படியில்லை. மோவாப்பைச் சுற்றியுள்ள மணலின் மேல் கரும்பொருக்கு ஒன்று படர்ந்திருக்கும்; பார்வைக்குக் கருகிய அடை போல இருந்தாலும், பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து மணலைப் பிணைத்துவைத்திருக்கும் உயிருள்ள தோல் அது. டயர் ஒருமுறை ஏறி நொறுக்கினால் தேறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகையால் தடத்தை விட்டு விலகி ஓட்டுபவனை நான் ஆதரிக்கவில்லை. அப்படி ஓட்டுகிறவன் எங்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கதவை மூடுகிறான்.

ஆனால் எங்கள் மனக்குறை வேறு. யூட்டாவின் எமரி கவுண்டியில் (மாவட்டத்தில்) பல ஆண்டு பேச்சுவார்த்தைக்குப் பின் 2019இல் டிங்கல் சட்டத்தின் வழியாக 6 லட்சம் ஏக்கருக்கு மேல் வனாந்தரமானது. கவுண்டி நிர்வாகமே முன்வந்து பேசிய ஏற்பாடு அது. இத்தகைய ஏற்பாடுகளின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: இருக்கும் பாதை காட்டுக்குள் போகும் இடத்தில், எல்லைக்கோடு பாதையின் இருபுறமும் ஒட்டி உள்ளே போய், பாதை முடியும் இடத்தில் வளைந்து திரும்பி வரும். இங்கே இதைச் செர்ரிக் காம்பு என்கிறார்கள். நாங்களும் கையொப்பம் போட்டது போலத்தான், இந்தக் கோட்டோடு முடிந்தது என்று நினைத்தோம்.

பிறகு 2023 செப்டம்பரில், கிரீன் ஆற்றின் லேபிரிந்த் பள்ளத்தாக்கையும் ஜெமினி பிரிட்ஜஸ் பகுதியையும் உள்ளடக்கிய 3 லட்சம் ஏக்கர் நிலப்பரப்பில், நில மேலாண்மைப் பணியகம் 1,100 மைலுக்கு மேற்பட்ட தடங்களில் 317 மைலை மூடியது. வனாந்தரமாக அறிவிக்கப்படாத நிலத்தில் இது நடந்தது. அங்கே கோடு போட்டாயிற்று, இங்கே கோடு போடாமலே மூடியாயிற்று என்றால், அடுத்த பேச்சுவார்த்தைக்கு என்ன நம்பிக்கையோடு போய் உட்காருவது?

#5 துடுப்பு

செம்மண் அவர்களுக்கு: 317 மைல் மூடியதைச் சொன்னீர்கள், ஏறத்தாழ 800 மைல் திறந்திருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலும் அது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த முடிவு அன்று. பாதைத் திட்டங்களை மறுபடி வகுக்க வேண்டும் என்ற 2017ஆம் ஆண்டு நீதிமன்ற உடன்பாட்டில் மோட்டார் வாகன அமைப்புகளும் ஒரு தரப்பு. பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றில் மிதந்து வருபவருக்கு மேலே விளிம்பில் ஓடும் வண்டியின் இரைச்சல் கேட்கும் என்பதும் அங்கே ஒரு காரணம்.

#6 செம்மண்

ஒப்புக்கொள்கிறேன், 800 திறந்திருக்கிறது. உடன்பாட்டில் அமர்ந்தவர்கள் பாதைகளை மறுஆய்வு செய்யத்தான் ஒப்பினார்கள்; 317ஐ மூட அல்ல. ஒரு கூடுதல் செய்தி: 1866ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் ஒற்றை வாக்கியம், பொதுநிலத்தில் சாலை அமைக்கும் உரிமையை யாருக்கும் வழங்கியது. 1976இல் அதை நீக்கினார்கள். நீக்குமுன் உருவான உரிமைகள் பிழைத்தன. அதை வைத்து யூட்டா மாநிலம் 12,000க்கும் மேற்பட்ட சாலைகளுக்கு உரிமை கோரி வழக்காடுகிறது. அவற்றுள் பல, மாடு நடந்த தடம் என்று எதிர்த்தரப்பு சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதை, அவற்றில் வண்டி ஓட்டியவன் என்ற முறையில் நானே சொல்கிறேன்.

#7 நெறியாளர்

முதுமலை வழியிலான இரவுப் போக்குவரத்துத் தடை பற்றிய நான்கு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியுள்ளேன். அது மாநிலங்களுக்கிடையிலான சாலைப் போக்குவரத்துச் சிக்கல்; இங்கே பொழுதுபோக்குப் பயணமும் வனாந்தர அறிவிப்பும் மட்டும் பேசப்படட்டும்.

#8 மணிமேகலை (மேடிசன், விஸ்கான்சின்)

வடகாற்று அண்ணா, உங்கள் அப்பாவை நினைத்து எனக்கும் வருத்தம்தான். ஆனால் நான் சக்கர நாற்காலியில் இயங்குபவள் என்பதால், இந்த விவாதம் எங்கே நடந்தாலும் மூன்றாவது பதிவுக்குள் "மாற்றுத்திறனாளிகள் என்ன செய்வார்கள்?" என்று எங்களை முன்னே தள்ளிவிடுவதைப் பார்த்துச் சலித்துவிட்டேன். எங்கள் பெயரால் கேட்கப்படும் மோட்டாரில் பெரும்பாலும் வேறு யாரோதான் ஏறிப் போகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வீட்டுக்குள்ளும் பயன்படுத்தத்தக்க சக்கர நாற்காலி, மின்கலத்தில் ஓடுவதாக இருந்தாலும், வனாந்தரத்துக்குள் செல்லலாம் என்று 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டம் தெளிவாக்கியிருக்கிறது. எனக்காகத் தடத்துக்குத் தளம் போடவேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. இரண்டும் எனக்குச் சம்மதம். 1970களின் இறுதியில், மோட்டாரைத் தடுத்தால் உடற்குறையுள்ளோருக்குக் கதவு அடைபடும் என்ற வாதம் எழுந்தபோது, அதைச் செய்து காட்டியே மறுப்பதற்காகச் சக்கர நாற்காலியில் இருந்தவர்களைக் கனூவில் பவுண்டரி வாட்டர்ஸுக்கு அழைத்துச் சென்றவர்கள் தொடங்கிய வில்டர்னஸ் இன்க்வயரி என்ற அமைப்பு இன்றும் இயங்குகிறது.

அங்கே நானும் போயிருக்கிறேன். போர்ட்டேஜின் நீளத்தை ராட் என்ற அலகில் குறிக்கிறார்கள். ஒரு ராட் பதினாறரை அடி, அதாவது கிட்டத்தட்ட ஒரு கனூவின் நீளம். 40 ராட் தடத்தை நான் கடக்க 50 நிமிடம் ஆயிற்று. பாதித் தூரம் இருவர் நாற்காலியைத் தூக்கினார்கள்; மீதியை நான் தரையில் உட்கார்ந்து, கையூன்றிப் பின்னோக்கி நகர்ந்தே கடந்தேன். கால்சட்டையெல்லாம் சேறு. அன்று மாலை அங்கே மோட்டார் ஓசை கேட்டிருந்தால், அந்த 50 நிமிடத்துக்காகக் கட்டாயம் அழுதிருப்பேன். எல்லாருக்கும் இது ஏற்கும் என்று சொல்லவில்லை. உங்கள் அப்பாவுக்கு ஏற்காது என்பதும் தெரிகிறது. முதுமை வேறு, ஊனம் வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

#9 வடகாற்று

மணிமேகலை, நன்றி. "முழங்கால்தான் அனுமதிச்சீட்டா" என்று நான் எழுதிய வரி மேடைப்பேச்சு என்பது உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

குன்றுடையான் எழுப்பிய வாக்குறுதிப் பிரச்சினைதான் என்னை இன்னும் உறுத்துகிறது. விரும்பிய விடுதி உரிமையாளர்களிடமிருந்து அரசே விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 1978ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது என்பது உண்மை. விடுதிக்கு விலை உண்டு; பத்து ஆண்டுகளாக ஒரே ஏரிக்கு ஒரே படகில் போய் வந்த சுரங்கத் தொழிலாளியின் சனிக்கிழமைக்கு என்ன விலை? இரும்புச் சுரங்கப் பகுதியான அயர்ன் ரேஞ்சில் என்னோடு வேலை பார்க்கும் முதியவர் ஒருவர் இன்றும் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். துடுப்புப் போடுவோரில் பெரும்பாலோர் நகரத்தார், படித்தவர், இரண்டு வார விடுப்பு எடுக்க வசதியுள்ளவர் என்பது அவர் வாதம்.

#10 ஏரிக்கரை (தண்டர் பே, கனடா)

நான் எல்லைக்கு வடக்கே இருக்கிறேன். பவுண்டரி வாட்டர்ஸை ஒட்டிய குவெட்டிகோ பூங்கா எங்கள் பக்கம். இந்த இழையில் ஒரு தரப்பு வரவேயில்லை. மனிதன் தங்காமல் வந்துபோகும் நிலம் என்று 1964ஆம் ஆண்டுச் சட்டம் விவரித்த மண்ணில் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் தலைமுறைகளாகக் காட்டரிசி அறுத்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தார்கள். நீங்கள் நடக்கும் போர்ட்டேஜ் தடங்களில் பல அவர்களுடைய கால்கள் போட்டவை. 1854ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நிலத்தைக் கொடுத்தபோது வேட்டை, மீன்பிடி உரிமையை அவர்கள் தக்கவைத்துக்கொண்டார்கள்; கிராண்ட் போர்ட்டேஜ், போயிஸ் ஃபோர்ட், ஃபாண்ட் டு லாக் ஆகிய குழுக்களுக்கு அவ்வுரிமை இன்றும் உண்டு. 4(டி)(5)ஐ முறிந்த வாக்குறுதி என்று ஈலிக்காரர் சொன்னால், அதற்கும் நூறாண்டு முந்திய வாக்குறுதிகளின் கணக்கையும் அதே ஏட்டில் எழுத வேண்டும்.

வனாந்தரத்தில் மோட்டாரே கூடாது என்பது நாடு முழுவதுக்கும் ஒரே விதி என்று எண்ணுவதும் சரியன்று. அமெரிக்காவில் உள்ள 11 கோடி ஏக்கருக்கு மேற்பட்ட வனாந்தரத்தில் பாதிக்கு மேல் அலாஸ்காவில் இருக்கிறது. அங்கே 1980ஆம் ஆண்டுச் சட்டம், மரபுவழி வாழ்க்கைக்காக ஸ்னோமொபைலையும் மோட்டார் படகையும் சிறு விமானத்தையும் அனுமதிக்கிறது. ஊருக்கும் ஊருக்கும் இடையே சாலையே இல்லாத இடத்தில் அதுதான் அறிவுள்ள ஏற்பாடு.

#11 துடுப்பு

ஏரிக்கரை அவர்கள் எழுதியதற்கு என்னிடம் மறுப்பில்லை.

நான் கண்டிப்பானவன் என்ற பெயர் இங்கே நிலைத்துவிட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1999 ஜூலை 4 அன்று வீசிய புயல் பவுண்டரி வாட்டர்ஸில் 3 லட்சம் ஏக்கருக்கு மேல் மரங்களைச் சாய்த்தது. உள்ளே சிக்கியவர்களை மீட்கவும் தடங்களைத் திறக்கவும் அப்போது மோட்டார் ரம்பத்துக்குத் தனி அனுமதி கொடுத்தார்கள். அதை நான் அன்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். அதே வேளையில், மூஸ் ஏரியின் வாடகை மோட்டார் படகுகளுடைய எண்ணிக்கை குறித்து நடந்த வழக்குகளில் எனக்கு அதைக் குறைக்கக் கோரியவர்கள் மேல்தான் அனுதாபம். இருபது நிமிடத்துக்கு ஒரு படகு என்று ஓடினால் அது பேருந்துத் தடம். வடகாற்று அவர்களே, நீங்கள் போன படகும் அதில் ஒன்று. தவறாக எண்ண வேண்டாம்.

#12 குன்றுடையான்

வடகாற்றின் தந்தையார் பார்த்த அணைக்கு ஒரு குறிப்பு. அந்தப் பகுதியில் இயற்கையான நீர்மட்டத்தை மாற்றும் புதிய அணைகளை 1930ஆம் ஆண்டின் ஷிப்ஸ்டெட்–நோலன் சட்டம் தடுத்தது. கரையிலிருந்து 400 அடிக்குள் மரம் வெட்டுவதையும் அது விலக்கியது. எல்லை ஏரிகளில் அணைகளை அடுக்கி மின்னுற்பத்தி செய்யும் பெரிய திட்டம் ஒன்று அப்போது இருந்தது. அது நிறைவேறியிருந்தால், மோட்டார் வேண்டுமா துடுப்பு வேண்டுமா என்று நாம் வாதிடுவதற்கு இன்றைய கரைகளே இருந்திரா. பொதுப்பணித் துறைக்காரர் கண்ணில் பைன் மரத்துக்கு முன்னால் அணை பட்டதில் வியப்பில்லை. அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

#13 வடகாற்று

நேற்றிரவு தொலைபேசியில் சொன்னேன். "அணை கட்டாமல் விட்டதற்கு ஒரு சட்டமா?" என்று இருமுறை கேட்டார். பணிக்காலத்தில் அப்படி ஒரு கோப்பு தம் மேசைக்கு வந்ததேயில்லை என்றார்.

வரும் ஜூலையில் மீண்டும் வருகிறார். வெர்மிலியன் ஏரியிலிருந்து லாரித் தடம் வழியாக ட்ரௌட் ஏரிக்குப் போவதாக எண்ணம். அங்கே 25 குதிரைத்திறன் வரை அனுமதி உண்டு. நைஃப் ஏரி இல்லைதான். மோட்டாருக்கான அனுமதிச்சீட்டு ஒதுக்கீடு குறைவு என்பதால் ஜனவரி இறுதியில் முன்பதிவு தொடங்கியதும் முயல வேண்டும். அந்தத் தடத்தில் சென்றவர் யாரேனும் இருந்தால், லாரியில் படகோடு ஆளையும் ஏற்றுவார்களா, அல்லது அந்தத் தூரத்தை அவர் நடந்தாக வேண்டுமா என்று தெரிவியுங்கள். துடுப்பு அவர்கள் விடை சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன்.